எல்லாமே பச்சையாக இருக்கும் அறிக்கையை நம்பாதீர்கள்: எங்கள் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கு,

போன வியாழக்கிழமை மாலை எங்கள் எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினீர்கள். இரண்டே பத்தி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேனேஜர்களைப் பற்றிப் பெயர் போடாமல் கருத்து எழுதும் முறை இந்த வருடத்தோடு நிறுத்தப்படுகிறது, இனி எந்தக் குறையாக இருந்தாலும் அவரவர் நேரடி மேனேஜரிடம் சொல்லி அவர் வழியாகத்தான் மேலே வர வேண்டும் என்பது முதல் பத்தி. இரண்டாவது பத்தியில் காரணம் சொல்லியிருந்தீர்கள்: வருகிற கருத்துகள் ஆக்கபூர்வமாக இல்லை, அதோடு கடந்த ஒரு வருடத்தில் புகார்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன, அதனால் தனியாக ஒரு வழி தேவைப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. புகார் ஏன் குறைந்தது என்று எனக்குத் தெரியும், என்னோடு வேலை செய்பவர்களுக்கும் தெரியும். உங்கள் காதுக்கு மட்டும் அது வரவில்லை. வராமல் போனதற்கும் அதே காரணம்தான்.

புது விதிப்படி இந்த மடலை நான் என் மேனேஜரிடம் கொடுத்து, அவர் படித்து, அவருக்குச் சரியென்று பட்டால் உங்களுக்கு அனுப்ப வேண்டும். நான் எழுதப்போவதில் பாதி அவரைப் பற்றியது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரையோ யாருடைய பெயரையோ போடவில்லை, ஒரு தனி மனிதரைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. இதே மடல் என் பெயரோடும் பணியாளர் எண்ணோடும் உங்கள் மின்னஞ்சலுக்கும் வந்திருக்கிறது, யார் எழுதியது என்று நீங்கள் தேட வேண்டியதில்லை.

நான் இங்கே 11 வருடமாக இருக்கிறேன். அதில் கடைசி 5 வருடம் டீம் லீட். திட்டு வாங்குகிற இடத்திலும் இருந்திருக்கிறேன், திட்டுகிற இடத்திலும் இருந்திருக்கிறேன், அதையும் இந்த மடலில் சொல்லத்தான் போகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்த மீட்டிங்கிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பெரிய வாடிக்கையாளரின் கணக்குத் தரவுகளைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை. அறையில் 14 பேர் இருந்தோம். எங்கள் டீமில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு பெண், பேக்கப், அதாவது தரவுகளின் பாதுகாப்பு நகல், எடுக்கும் பொறுப்பு அவருடையது. பேக்கப் எடுத்ததோடு நிற்காமல், யாரும் கேட்காமலே அந்த நகலிலிருந்து தரவுகள் திரும்பக் கிடைக்கின்றனவா என்று ஒரு டெஸ்ட் மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்த்திருக்கிறார். நம்மில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்? பேக்கப் முடிந்தது என்று திரையில் வந்தால் போய்விடுவோம். அவர் திறந்து பார்த்திருக்கிறார், மூன்று டேபிள்கள், அதாவது தரவு அட்டவணைகள், திறக்கவில்லை. அந்த மூன்றின் பெயரையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"சார், பேக்கப் முழுசா ஓடி முடிஞ்சிருக்கு. ஆனா ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தப்போ மூணு டேபிள் திறக்கலை. ஒரு வாரம் தள்ளி வெச்சா காரணத்தைக் கண்டுபிடிச்சிடலாம்னு..."

வாக்கியம் முடியவில்லை. மேனேஜர் திரையிலிருந்து முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னார்: "உன்கிட்ட நான் யோசனை கேட்டேனா? பிரச்சினையைக் கொண்டுவந்து கொட்டுறதுக்கு எனக்கு ஆள் வேண்டாம், முடிச்சுக் குடுக்கத்தான் ஆள் வேணும்." யாரோ ஒருவர் சிரித்தார். அந்தப் பெண்ணின் விரல் அப்போதும் நோட்டில் அந்த மூன்று பெயர்களின் மேல்தான் இருந்தது. மெதுவாக விரலை எடுத்தார், நோட்டை மூடினார், பேனாவுக்கு மூடி போட்டார். முதல் தடவை மூடி சரியாக உட்காரவில்லை, கை நடுங்கியது. அதற்கப்புறம் 40 நிமிடம் நடந்த மீட்டிங்கில் அவர் தலை நிமிரவே இல்லை.

நான் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய டீம் லீட் நான். இதை எழுதும்போதும் எனக்கு அது உறுத்துகிறது.

11 நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை இரவு, மாற்றும் வேலை பாதியில் நின்றுபோனது. சரி, பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போனால், திறக்காமல் நின்றவை அதே மூன்று டேபிள்கள். 31 மணி நேரம் ஆனது, பழைய பதிவுகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்து முடிக்க. அந்த 31 மணி நேரத்திலும் அந்தப் பெண் எங்களோடு இருந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை.

அப்புறம் விசாரணை அறிக்கை வந்தது. அதில் இருந்த ஒரு வரியை நான் மறக்கவே மாட்டேன்: அணிக்குள் தகவல் தொடர்புக் குறைபாடு இருந்தது, இளநிலை ஊழியர் அபாயத்தை உரிய முறையில் மேலிடத்துக்குக் கொண்டுசெல்லவில்லை. அந்த அறிக்கைக்காக 14 பேரில் ஒருவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அறிக்கையை எழுதிக் கொடுத்தவர் மேனேஜர். அந்த வருடம் அந்தப் பெண்ணின் ரேட்டிங் ஒரு படி இறங்கியது, மேனேஜரின் கையில் கூடுதலாக இரண்டு டீம்கள் வந்தன. நான்கு மாதத்தில் அந்தப் பெண் வேலையை விட்டார். எக்ஸிட் இன்டர்வியூவில் காரணம் என்ற இடத்தில் "நல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறது" என்று எழுதினார். உண்மையை எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். "ஒரு தடவை சொல்லிப் பார்த்தேனே, போதாதா?" என்றார்.

உங்கள் கணக்கில் இது "நல்ல வாய்ப்புக்காக விலகியவர்கள்" என்ற வரிசையில் ஒரு எண். புகார் என்ற வரிசையில் இது இல்லவே இல்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை நான் எழுதியிருக்க மாட்டேன். அந்த மீட்டிங்குக்கு அப்புறம் எங்கள் டீமில் மற்றவர்களுக்கு என்ன ஆனது என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. வாராவாரம் நாங்கள் ஒரு நிலவர அறிக்கை அனுப்புவோம், உங்களுக்கும் அதன் நகல் வரும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் ஒரு நிறம்: எல்லாம் சரியென்றால் பச்சை, கொஞ்சம் கவலை என்றால் மஞ்சள், கைமீறிப் போகிறது என்றால் சிவப்பு. இந்த மேனேஜர் வந்த முதல் மாதத்தில் அதில் மஞ்சளும் சிவப்பும் சகஜமாக இருந்தன. யார் மஞ்சள் போட்டாரோ அவருக்கு இரவு பத்து மணிக்கு மேல் போன் வரும். "ஏன் மஞ்சள்? என்ன பண்ணிட்டு இருக்கே? நாளைக்குக் காலையில் இது பச்சையா இருக்கணும்." உதவி ஏதாவது வேண்டுமா என்று ஒரு கேள்வி கிடையாது. காலையில் அது பச்சையாகத்தான் இருக்கும். வேலை எங்கே நின்றதோ அங்கேயேதான் நிற்கும், நிறம் மட்டும் மாறியிருக்கும். மூன்றே மாதத்தில் அந்த ஸ்பிரெட்ஷீட் முழுக்க வயல் மாதிரி பச்சையானது. நானும் பச்சை போட்டேன். போடும்போதே பொய் என்று தெரிந்துதான் போட்டேன்.

அந்த ஸ்பிரெட்ஷீட்டில் இருந்த ப்ராஜெக்ட்தான் கடைசியில் நான்கு மாதம் தள்ளிப்போனது. கடைசி இரண்டு வாரம் வரை அறிக்கையில் எல்லாம் பச்சை. "திடீரென்று எப்படி இப்படி ஆனது?" என்று நீங்கள் அப்போது எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டீர்கள். திடீரென்று எதுவும் ஆகவில்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் மாதக்கணக்காகத் தெரியும், வெளியில் சொல்ல ஒரு வழி இல்லாமல் இருந்தது.

இது எங்கள் மேனேஜர் ஒருவரின் குணம் சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே இருப்பவர் கெட்ட செய்தியை எப்படிக் கேட்டுக்கொள்கிறார் என்பதில் உயிர்கள் போயிருக்கின்றன. 1986 ஜனவரி 27 இரவு, நாசாவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, அதன் பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். இவ்வளவு குளிரில் பூஸ்டரின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, அதுவரை மிகக் குறைந்த வெப்பநிலையில் ஏவியது ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸில்தான், அதற்குக் கீழே போகாதீர்கள் என்று படங்களை வைத்துச் சொன்னார்கள். நாசா தரப்பு அதை ஏற்காமல் நெருக்கியது. நிறுவன நிர்வாகிகள் தனியாகக் கலந்து பேசினார்கள். அப்போது பொறியியல் பிரிவுத் தலைவரிடம் அவருக்கு மேலே இருந்தவர் சொன்னது, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள் என்று. அவர் போட்டுக்கொண்டார், பரிந்துரை மாறியது. மறுநாள் கிளம்பிய 73 விநாடியில் விண்கலம் சிதறி 7 பேரும் போனார்கள். மேனேஜர் தொப்பி என்றால் உண்மையைக் கேட்காமல் இருப்பதற்கான தொப்பி என்று அன்றைக்கு அந்த அறையில் அர்த்தமானது. எங்கள் செவ்வாய்க்கிழமை மீட்டிங்கிலும் அதுதான் அர்த்தம்.

நாம் ஒன்றும் ராக்கெட் விடவில்லையே என்பீர்கள். சரி. ஆனால் இந்தப் பாடத்தை உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் என்பதையாவது பார்க்கலாம். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃபே தீவின் விமான நிலையத்தில், மூடுபனியில், ஓடுபாதையிலேயே இரண்டு போயிங் 747 பயணிகள் விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர், எல்லோரும் அண்ணாந்து பார்த்த ஆள். விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, எதிரில் இருந்த விமானம் பாதையைவிட்டு இன்னும் விலகவில்லையோ என்று ஃபிளைட் இன்ஜினியர் கேட்டிருக்கிறார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். மறுபடி யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்க அந்த மனிதரால் ஏன் முடியவில்லை என்று விமானத்துறை உட்கார்ந்து யோசித்தது. 1979-ல் நாசா நடத்திய ஒரு பயிலரங்கிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைக்கு விமானிகளுக்குக் கட்டாயமாக இருக்கும் குழுப் பயிற்சி. துணை விமானி சந்தேகத்தை எப்படி விடாமல் சொல்வது என்பதோடு, கேப்டன் அதை எப்படிக் காதுகொடுத்துக் கேட்பது என்பதும் அதில் பாடம். கேப்டன்தானே, அவருக்கு எல்லாம் தெரியும் என்று விட்டுவிடவில்லை.

அடுத்து, புகார் பாதியாகக் குறைந்தது என்று நீங்கள் சந்தோஷப்படுகிற அந்தக் கணக்குக்கு வருகிறேன். 1990களில் ஏமி எட்மண்ட்ஸன் என்ற ஆய்வாளர் இரண்டு மருத்துவமனைகளின் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல பிரிவுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே இருந்தவர்கள் தவறை ஒளிக்காமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் பயந்து மறைத்தார்கள். இதைத் தொடர்ந்துதான் 1999-ல் உளவியல் பாதுகாப்பு, அதாவது தவறையோ சந்தேகத்தையோ பயமில்லாமல் சொல்ல முடிவது, என்பதைப் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது, இன்றைக்கு உங்கள் பயிற்சி ஸ்லைடுகளில்கூட அந்தச் சொல் இருக்கிறது. ஸ்லைடில் இருக்கிறது, சுற்றறிக்கையில் அதற்கு நேர் எதிரானது இருக்கிறது. புகார் வரவில்லை என்றால் குறை இல்லை என்று எடுத்துக்கொண்டீர்கள். எங்கள் ஸ்பிரெட்ஷீட்டில் மஞ்சள் ஏன் காணாமல் போனதோ, அதே காரணத்தால்தான் உங்கள் கணக்கில் புகாரும் காணாமல் போனது.

எங்கள் மேனேஜரைப் பற்றியும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. டெக்னிக்கலாக அவர் அளவுக்கு ஆழம் உள்ளவரை நான் பார்த்ததில்லை, நான் சேர்ந்த புதிதில் ஒரு இரவு முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அப்படி இருந்தவரை மேனேஜர் ஆக்கினீர்கள், ஏனென்றால் இங்கே மேலே போக வேறு படிக்கட்டு கிடையாது. ஆட்களை எப்படி நடத்துவது என்று அவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்? ஒரு நாள் பயிற்சி, அதிலும் பாதி நேரம் லீவு அனுமதிக்கும் சாஃப்ட்வேரை எப்படி இயக்குவது என்பது. மிச்சத்தை அவர் தன்னைத் திட்டியவர்களிடமிருந்து கற்றுக்கொண்டார்.

கூகுள் நிறுவனம் 2008 வாக்கில் ப்ராஜெக்ட் ஆக்சிஜன் என்ற பெயரில் தன் மேனேஜர்களைப் பற்றித் தானே ஆராய்ந்தது. இன்ஜினியர்கள் நிறைந்த இடம், மேனேஜர்களால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்று காட்டிவிடலாம் என்றுதான் தொடங்கினார்கள். காட்ட முடியவில்லை. நல்ல மேனேஜர்களிடம் இருந்த குணங்கள் என்று அவர்கள் எடுத்த எட்டில் முதலில் வந்தது, நன்றாக வழிகாட்டுவது. டெக்னிக்கல் திறமை எட்டாவது. நாம் அந்த எட்டாவதை மட்டும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. டீம் லீட் ஆன முதல் வருடம், ஒரு தம்பி ஒரு வேலையில் இரண்டாவது தடவையாகத் தப்பு செய்துவிட்டார் என்று, எல்லோரும் இருக்கிற சாட் குழுவிலேயே "இதுகூடத் தெரியாதா" என்று எழுதினேன். எழுதியதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்கப்புறம் ஒரு வருடம் அவர் என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. பழகிவிட்டார், வேலை கற்றுக்கொண்டுவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு டீமில் இருந்த ஒருவரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்தது எப்படி? நீங்கள் இப்போது நிறுத்திவிட்ட அதே பெயர் போடாத கருத்துப் படிவத்தில்தான். "எங்கள் டீம் லீட் நல்லவர், ஆனால் அவரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது" என்று ஒரு வரி. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அந்தத் தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அதே சாட் குழுவிலும் எழுதினேன், திட்டியது எங்கேயோ அங்கேயே. நான் கொஞ்சமாவது மாறியிருக்கிறேன் என்றால் அந்த ஒரு வரியால்தான். என் மேனேஜர் வழியாக அந்த வரி என்னிடம் வந்து சேர்ந்திருக்காது.

நல்ல மேனேஜர் என்றால் எப்படி இருப்பார் என்று தெரியாமலும் நான் பேசவில்லை. இங்கே என் முதல் மூன்று வருடம் ஒரு அம்மாவிடம் வேலை செய்தேன், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். திங்கட்கிழமை தோறும் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாகப் பேசுவார். அதைச் சில சமயம் தள்ளிவைப்பார், ஒரு நாளும் ரத்து செய்ததில்லை. கையில் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கும். நாம் சொல்கிற கஷ்டத்தை முன்பக்கம் எழுதுவார், தான் செய்கிறேன் என்று ஒத்துக்கொண்டதைக் கடைசிப் பக்கத்தில் எழுதுவார். அடுத்த திங்கட்கிழமை நோட்டைப் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார். "போன வாரம் உங்களுக்கு இதைப் பண்றேன்னு சொன்னேன், பண்ணிட்டேன். இது முடியலை, ஏன்னா..." முடியாததற்கு ஒரு காரணம் எப்போதும் இருக்கும். ஒருமுறை நான் ஒரு வாடிக்கையாளரின் கோப்பைத் தெரியாமல் அழித்துவிட்டேன். போய்ச் சொன்னபோது என் வாய் உலர்ந்துபோயிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "வேற யாருக்குத் தெரியும்? முதல்ல யார்கிட்ட உதவி கேட்கலாம்?" என்றுதான். யார் பண்ணினது என்று அவர் கேட்கவே இல்லை. அன்று மேலே போன மின்னஞ்சலில் "என் டீமில் தவறு நடந்தது, நான் சரிபார்த்திருக்க வேண்டும்" என்று இருந்தது. அதே வருடம் நான் ஒரு நல்ல வேலை செய்தபோது போன மின்னஞ்சலில் என் பெயர் இருந்தது. இரண்டு மின்னஞ்சலும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

அவர் அடித்துப் பேசி நான் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டேன். வேலையில் அலட்சியம் என்றால் விடமாட்டார், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் சொல்வார், என்ன செய்தாய் என்பதைப் பற்றி மட்டும்தான் சொல்வார், நீ எப்படிப்பட்ட ஆள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்குக் கீழே எங்கள் அறிக்கையில் சிவப்பு நிறையவே இருந்தது, வேலையும் பெரும்பாலும் சொன்ன நாளில் முடிந்தது.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரிந்ததுதான், நீட்ட விரும்பவில்லை. நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் வேலை அனுப்பிவிட்டுக் காலையில் "பார்க்கலையா" என்று கேட்பது, கீழே இருப்பவர் செய்த ஸ்லைடில் தன் பெயரைப் போட்டு மேலே காட்டுவது, லீவு கேட்டால் எதற்கு என்று குடும்பக் கதை முழுவதையும் சொல்ல வைப்பது, பிடித்தவருக்கு ஒரு விதி பிடிக்காதவருக்கு ஒரு விதி. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் புகார் கொடுக்கும் அளவுக்குப் பெரிதாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆளை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைக் கலக்க வைக்கிறது.

பெயர் போடாத கருத்துகளில் குப்பையும் வருகிறது என்கிறீர்கள். உண்மைதான், மறுக்க மாட்டேன். எனக்கு வந்ததிலேயே ஒன்றிரண்டு வெறும் வன்மம், படித்து மனம் கஷ்டப்பட்டிருக்கிறேன். ஆனால் குப்பை வருகிறது என்பதற்காக யாரும் வீட்டு வாசலையே அடைத்துக் கட்டுவதில்லை. கருத்து எழுதும் இடத்தில் என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டாலே பாதி வசவு நின்றுவிடும். எழுதியதற்கு ஏதாவது பதில் வருகிறது என்று தெரிந்தால் மீதியும் குறையும். ஐந்து வருடமாக எழுதினோம், என்ன செய்தீர்கள் என்று ஒரு தடவைகூட எங்களிடம் சொன்னதில்லை. பதிலே வராத இடத்தில் மனிதர்கள் முதலில் கத்துவார்கள், அப்புறம் எழுதுவதையே விட்டுவிடுவார்கள்.

இன்னொன்றும் உங்கள் பார்வைக்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் நிறைவேற்றிய 190-வது உடன்படிக்கை, வேலையிடத்தில் வன்முறையும் தொந்தரவும் இல்லாமல் இருப்பதை உரிமையாக ஏற்ற முதல் சர்வதேச ஒப்பந்தம், 2021 ஜூன் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. புகார் சொல்லும் வழி பாதுகாப்பாகவும் நியாயமாகவும் பலன் தருவதாகவும் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அது நாடுகளுக்கானது, உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் யாரைப் பற்றிப் புகாரோ அவர் கையிலேயே புகாரைக் கொடு என்று சொல்லும் ஒரு வழியை எந்த அளவுகோலில் பாதுகாப்பானது என்பீர்கள்?

நான் கேட்பவை இவை.

முதலில், அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். பெயர் போடாமல் கருத்துச் சொல்லும் முறை தொடர வேண்டும், அதைச் சம்பந்தப்பட்ட மேனேஜரின் வரிசையில் இல்லாத ஒருவர் படிக்க வேண்டும். நான்கைந்து பேர் மட்டுமே உள்ள டீம்களில் எழுத்தைப் பார்த்தே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் அங்கே எழுதியதை அப்படியே காட்டாமல் சாரத்தை மட்டும் காட்டுங்கள். படித்த 30 நாளுக்குள், எந்த மாதிரியான குறைகள் வந்தன, என்ன செய்தோம், எதைச் செய்ய முடியவில்லை, ஏன் என்று எல்லோருக்கும் எழுதுங்கள். அந்த அம்மாவின் நோட்டின் கடைசிப் பக்கம் மாதிரி.

இரண்டாவது, அந்த விசாரணை அறிக்கையை மறுபடி திறங்கள். அறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், நான் வந்து சொல்கிறேன், நான் வாயைத் திறக்காமல் இருந்ததையும் சேர்த்து. அந்த ஒரு வரியைத் திருத்தி, திருத்தியதை அந்தப் பெண்ணுக்கு எழுத்தில் அனுப்புங்கள். அவர் திரும்பி வரக் கேட்கவில்லை, இந்த மடலை எழுதச் சொன்னதும் அவர் இல்லை. எழுதப்போகிறேன் என்று கேட்டபோது, பெயர் வராமல் இருந்தால் சரி என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது, யாரையும் ஒரு நாள் பயிற்சி கொடுத்து மேனேஜர் ஆக்காதீர்கள். முதல் ஆறு மாதம் அனுபவமுள்ள ஒரு மேனேஜர் கூடவே இருக்கட்டும், கெட்ட செய்தியைக் கேட்பது, தனியாகக் கண்டிப்பது, தன் தவறை ஒத்துக்கொள்வது எல்லாம் பழகிப் பழகித்தான் வரும். டெக்னிக்கல் திறமை உள்ளவர்கள் ஆட்களை நிர்வகிக்காமலே பதவியிலும் சம்பளத்திலும் மேலே போக ஒரு வழி வையுங்கள். எங்கள் மேனேஜருக்கு அப்படி ஒரு வழி இருந்திருந்தால் அவரும் நிம்மதியாக இருந்திருப்பார் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். அவருக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுங்கள், அவரைத் தண்டியுங்கள் என்று நான் கேட்கவில்லை.

நான்காவது, மேனேஜர்களுக்கு ரேட்டிங் போடும்போது, அவருடைய டீமிலிருந்து எத்தனை பேர் விலகினார்கள், விலகியவர்கள் ஆறு மாதம் கழித்து என்ன சொல்கிறார்கள், பிரச்சினைகள் உங்களுக்கு முன்கூட்டியே வந்தனவா கடைசி வாரத்தில் வந்தனவா என்பதையும் பாருங்கள். நிலவர அறிக்கையில் தொடர்ந்து எட்டு வாரம் பச்சை மட்டுமே இருந்தால், பாராட்டு அனுப்புவதற்கு முன்னால் யாராவது ஒருவர் நேரில் வந்து அந்த டீமோடு உட்காருங்கள்.

ஐந்தாவது, உங்களில் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை, உங்களுக்கு இரண்டு படி கீழே இருப்பவர்களோடு ஒரு மணி நேரம், அவர்களுடைய மேனேஜர் இல்லாமல் பேசுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். அடுத்த மாதம் நடக்கும் அனைத்து ஊழியர் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். இந்த வாரத்திலிருந்து என் டீமின் அறிக்கையில் மஞ்சளும் சிவப்பும் இருக்கும். பத்து மணிக்கு மேல் எனக்குப் போன் வந்தால், என்ன உதவி வேண்டும் என்று கேட்பவரிடம் மட்டும்தான் பேசுவேன்.

இப்படிக்கு,
உங்களிடம் 11 வருடமாக வேலை செய்யும் ஒரு டீம் லீட்